மாஸ்டரின் முதல் தட்டு

பிள்ளைகளே, என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் என்னைப் ‘போலீஸ் மேடம்’ என்று கூப்பிட்டது எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்பதுகூடத் தெரியும். கோபமில்லை. எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவில் டயட்டீஷியனாக உட்காருகிறவளுக்குச் சந்தேக புத்தி இல்லையென்றால் அவள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். எனக்கு அது கூடப் பிறந்தது. ஒக்கலிபுரத்தில், ஆள் அதிகம் மீன் துண்டு குறைவு என்றிருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். குழம்புச் சட்டியில் துண்டு குறைந்தால் யார் எடுத்தது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அம்மாவே என்னைக் கண்டு கொஞ்சம் பயப்படுவாள்.

நம்மிடம் ஆபரேஷனுக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் காற்றைக் குடித்தே வளர்ந்தவர்கள். காலையில் ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு சப்பாத்தி, ராத்திரி ராகிக் கஞ்சி. தராசு மட்டும்தான் நம்மிடம் பொய் சொல்கிறது. இனிப்பைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்று ஒரு அம்மாள் என் எதிரே சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய கைப்பையின் ஜிப்பிலிருந்து எறும்பு சாரை சாரையாக இறங்கி என் மேஜையில் ஊர்ந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் எறும்பைப் பார்த்தார்.

இவையெல்லாம் சில்லறைப் பொய்கள். கொஞ்ச நாளில் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். நான் இன்று சொல்ல உட்கார்ந்தது என்னிடம் பொய்யே சொல்லாத ஒரு மனிதரைப் பற்றி. என் வேலைக்காலத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தவர் அவர்தான்.

மர்பி டவுனில் தாஸ் மாஸ்டர் என்றால் அப்போது தெரியாதவர்கள் குறைவு. கல்யாணம், பேப்டிசம், பிள்ளைகள் முதல் முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை என்று மாதா கோயிலைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் எந்த விருந்து என்றாலும் பிரியாணி அவர் கைதான். ஹெப்பகோடிப் பக்கம் கம்பெனி வேலைக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கும் தேக்சா அண்டாவோடு போய் வருவார். ஆள் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்பார். முழங்கால் தேய்ந்திருந்தது, சர்க்கரை ஏறியிருந்தது, படுத்தால் மூச்சு முட்டியது. முதல் நாள் என் முன்னால் உட்கார்ந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அடுப்பு முன்னாடி நிக்க முடியல மேடம். எனக்கு வேற தொழில் தெரியாது. இன்னும் கொஞ்ச வருசம் நின்னேன்னா பொண்ணைப் படிக்க வெச்சிடுவேன். அவ்வளோதான்.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே ஜாக்கிரதையானேன். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். வழக்கமான இட்லி, சப்பாத்தி, கஞ்சிப் பாட்டைத்தான் அவரும் பாடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா எதையும் மூடி மறைக்கிற ரகம் இல்லை. புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கத் தயங்காதவள்.

“உண்மைதான் மேடம். வீட்ல இவ்ளோதான் துன்றாரு. எப்படி ஊதறாருன்னு எனக்கே தெரியல.”

“சமைக்கறப்போ ருசி பார்ப்பீங்கல்ல மாஸ்டர்?”

“உப்பு எனக்கு வாசனையிலயே தெரியும் மேடம். நாக்குல வெக்கறதே இல்ல.”

அதுவும் உண்மை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அன்று நான் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவரோ முழு தேக்சாவையே மறைக்கிறார் என்று நினைத்தேன். எங்கே மறைக்கிறார் என்றுதான் தெரியவில்லை.

தேதியை அவரேதான் சொன்னார். தவக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது, விருந்து கிடையாது, மாஸ்டருக்கு ஆர்டரும் கிடையாது. வேலையும் கெடாது, உடம்பும் தேறிவிடும். சர்ஜனுக்கு அது பிடித்துப் போயிற்று, எனக்கும்தான். எந்த நோயாளி தன் ஓய்வுக்காலத்தைத் தானே யோசித்து வைத்துக்கொண்டு வருகிறார்?

ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்குவதற்காக நாம் போடுகிற திரவ உணவுப் பத்தியத்தை மாஸ்டர் கடைப்பிடித்த மாதிரி இதுவரை ஒருவரும் கடைப்பிடித்ததில்லை. இரைப்பையில் வாழைக்காய் அளவு மட்டும் மிச்சம் வைத்து மீதியை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அப்படித்தான். தண்ணீர் மாதிரி கஞ்சி என்றால் தண்ணீர் மாதிரி கஞ்சி. மசித்த பருப்பு என்றால் மசித்த பருப்பு. சின்னச் சின்ன மடக்காகக் குடி என்றால் சின்னப் பிள்ளை மாதிரி குடித்தார். இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வார்டில் மற்றவர்களிடம் சிஸ்டர்கள் சொன்னார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு ஒழுங்கான மனிதர் இவ்வளவு எடைக்கு எப்படி வந்தார்? அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாமலேயே அவரைக் குணமானவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

ஈஸ்டர் முடிந்தது. பளுவைத் தூக்காதே, மேற்பார்வை மட்டும் பார் என்று சர்ஜன் சொன்னதன் பேரில் மாஸ்டர் வேலைக்குத் திரும்பினார். அடுத்த முறை பரிசோதனைக்கு வந்தபோது எடை மளமளவென்று இறங்கியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் எடையைப் பார்க்கவில்லை, அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன். கையால் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“வாந்தி வருதா மாஸ்டர்?”

“இல்ல மேடம்.”

“மாத்திரையெல்லாம் போடறீங்களா?”

“பராபரா, வேளை தப்பாம போடறேன் மேடம்.”

மாத்திரை போட்டதும் பொய்யில்லை. அது உள்ளே தங்கியதா என்று நான் கேட்கவில்லையே! வாந்தி ‘வருதா’ என்றால் வரவில்லை, ஏனென்றால் அவர் கணக்கில் அது தானாக வந்ததல்ல. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்த விஷயம்.

அந்த வாரமே ஸ்டெல்லா போன் பண்ணினாள். புருஷனுக்குத் தெரியாமல் பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

“மேடம், இந்த மனுசன் வெளிய துன்றாரு. வீட்ல தட்டைத் தொடறதில்ல. பருப்பு மசிச்சி வெச்சா அப்படியே கெடக்குது. ஆனா சட்டையில பிரியாணி மசாலா, விரல் இடுக்குல சோறு. நீங்க போட்டுக் குடுத்த டயட்டெல்லாம் தண்டம் மேடம். அடுத்த ஞாயித்துக்கெழமை கோயில் ஹால்ல ஒரு புதுநன்மை விருந்து. நீங்களே வந்து கண்ணால பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க.”

யார் சொன்னாலும் நம்பமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு யோசித்தேன். பிரியாணி தின்கிறார் என்றால் எடை எப்படி இப்படி விழும்? எடை விழுகிறது என்றால் தின்கிறது எங்கே போகிறது? இரண்டும் ஒன்றாக நிற்கவேண்டும் என்றால் ஒரு வழிதான் இருக்கிறது. நாக்கு ருசிக்காகத் தின்றுவிட்டு, பிறகு வாந்தி எடுக்கிறார். இப்படிச் செய்கிற இரண்டொருவரை நான் பார்த்திருந்தேன். கள்ளன் பிடிபட்டான் என்று எனக்கு ஒரு குஷி. மறைக்காமல் சொல்கிறேன், கவலையைவிடக் குஷிதான் அதிகம்.

நோயாளி வேலை செய்கிற இடத்துக்குப் போய் ஒளிந்து பார்க்கலாமா என்றால், கூடாது. நீங்கள் போகாதீர்கள். நான் போனேன்.

கோயில் ஹாலின் பின்புறம் ஷீட் போட்ட சமையல் கொட்டகை. புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு முன்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா என்னைப் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள். உள்ளே மாஸ்டர் நெருப்பை இழுத்துவிடச் சொல்லி ஆட்களிடம் கத்திக்கொண்டிருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. தம் உடைத்து மூடியைத் திறந்தார்கள். வாசனை ஜன்னல் வரைக்கும் வந்தது. எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

அப்போது விருந்து வீட்டுப் பெரியவர் கையில் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தார். கூட இரண்டு மூன்று உறவுக்காரர்கள். தட்டில் சோறும் பெரிய கறித்துண்டுகளும் வைத்து மாஸ்டரிடம் நீட்டினார்.

“மொதல் தட்டு மாஸ்டர். ஒக்காருங்க.”

மாஸ்டர் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட்டார். கொறிக்கவில்லை. நன்றாகப் பிசைந்து, கறியைப் பிய்த்து, வாய் நிறையச் சாப்பிட்டார். வாழைக்காய் அளவு இரைப்பையில் அத்தனையும் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள்.

“பாத்தீங்களா? பாத்தீங்களா மேடம்? நான் சொல்லல?”

“சோக்கா வந்திருக்கு சார்,” என்று உள்ளே மாஸ்டர் சிரித்தார். பெரியவரும் சிரித்தார். பந்தி போடச் சொல்லி உத்தரவு போயிற்று.

ஸ்டெல்லாவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். பாத்திரம் கழுவுகிற குழாயடி. மாஸ்டர் அங்கே குனிந்து நின்றிருந்தார். விரலை வாயில் விடக்கூட இப்போது வேண்டியிருக்கவில்லை, தானாகவே வந்தது. சத்தம் வராமல் எடுத்தார். தண்ணீர் விட்டுத் தள்ளினார், வாயைக் கொப்பளித்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துக் கடித்தார். பழகிப்போன வேலை என்பது ஒவ்வொரு அசைவிலும் தெரிந்தது. நான் நினைத்தது சரி என்று முன்னே போகக் காலெடுத்தேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “வாங்க வாங்க. ரெண்டு பேரும் எப்ப வந்தீங்க?” என்றார்.

நான் தனியாகத்தான் நின்றிருந்தேன்.

ஒரு அடி வைத்தார். கால்களை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது அடியில் தள்ளாடினார். பக்கத்திலேயே கொதிக்கிற வெந்நீர் அண்டா. நான் ஓடிப் பிடிப்பதற்குள் இரண்டு ஆட்கள் அவரைப் பிடித்துவிட்டார்கள். சத்தம் கேட்டுப் பெரியவர் வந்தார். ஒரு பார்வையிலேயே முடிவு கட்டிவிட்டார்.

“ஊத்திக்கினு வந்திருக்கியா மாஸ்டர்? புதுநன்மை வீட்டு விருந்துல, கோயில் ஹால்ல, இப்படிக் குடிச்சிட்டு நிக்கறியே, வெக்கமா இல்ல?”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமா சார். கொஞ்சம் போட்டுட்டேன். தப்புதான். மன்னிச்சிக்குங்க.”

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் என் சந்தேக புத்திக்கு நான் வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்லவேண்டும். குற்றத்தை மறுப்பவர்களைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவனை நான் சந்தேகப்படுவேன். நேற்றுவரை வெறும் ரெண்டு இட்லி என்று சாதித்த மனிதர், கேட்ட மாத்திரத்தில் குடித்தேன் என்கிறாரா? கிட்டே போனேன். வாயில் கிராம்பு வாசனை, வாந்தி வாசனை, வேறு ஒன்றும் இல்லை. “மாஸ்டர், என் விரலைப் பாருங்க,” என்று விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். கண் விரலோடு வரவில்லை. பாதியில் நின்று துடித்தது. இன்று என்ன கிழமை என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். கோயில் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சமைத்த மனிதர்.

என் குஷி எல்லாம் போன இடம் தெரியவில்லை. வாந்தியிலேயே பி ஒன் வைட்டமின் அத்தனையும் போய்விட்டது. மூளை தடுமாறுகிறது. நேரம் போனால் கண்ணும் காலும் நினைவும் திரும்பாது. அடுப்பு முன்னால் நிற்கத்தான் இந்த மனிதர் வயிற்றை வெட்டிக்கொண்டார். இனி எந்த அடுப்பு முன்னாலும் நிற்க முடியாமல் போகப்போகிறது. ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு மாஸ்டரை ஆட்டோவில் ஏற்றினேன். பின்னால் பெரியவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். அவரோடு நின்று வாதாட எனக்கு நேரமில்லை.

நம் ஆஸ்பத்திரி கேஷுவால்டியில் அன்று இருந்த டியூட்டி டாக்டர் புதியவர், ஹாசன் ஊர்ப் பக்கத்துப் பையன். நல்ல பையன்தான், ஆனால் அவர் முன்னால் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மாஸ்டரைப் பார்த்ததும் கன்னடத்தில் கேட்டார்.

“குடிதிதாரா?”

குடித்திருக்கிறாரா என்று கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் மாஸ்டரே “ஹௌது சார்” என்றார். ஆமாம் என்கிறார்! ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது. உடம்பில் நீர் வற்றியிருந்ததால் டாக்டர் க்ளூக்கோஸ் ஏற்றச் சொன்னார். சிஸ்டர் பாட்டிலை மாட்டினாள். நான் ட்யூபை மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உங்களுக்குப் பாடத்தில் இருக்கும்: பி ஒன் இல்லாத உடம்பில் முதலில் க்ளூக்கோஸை ஏற்றினால், மிச்சம் இருக்கிற கொஞ்சத்தையும் அது தின்றுவிடும். தள்ளாடி வந்தவன் படுக்கையிலேயே தங்கிவிடுவான். பாடத்தில் படிப்பது வேறு, கறுப்புக் கோட்டு இல்லாத வழக்கறிஞர் மாதிரி வெறும் புடவையோடு கேஷுவால்டியில் நின்று ஒரு டாக்டரை நிறுத்துவது வேறு.

“மேடம், ப்ளீஸ். நீங்க டயட்டீஷியன்,” என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அதன் அர்த்தமும் எனக்குப் புரிந்தது.

நம் சர்ஜனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கத்தியிருக்கலாம். கத்தினால் டாக்டருக்குப் பிடிவாதம் ஏறும், பாட்டில் இறங்கும். இவர் குடிக்கவில்லை என்று வாதாடலாம். நோயாளியே குடித்தேன் என்கிறபோது என் பேச்சு எடுபடுமா? ஒரு நொடி யோசித்தேன். டாக்டருடைய சந்தேகத்தை மாற்ற முயற்சி பண்ணாமல், அதன் மேலேயே ஏறிக்கொண்டேன்.

“சரி டாக்டர். குடிச்சவர்னே வெச்சுக்குங்க. தினம் குடிச்சு, சாப்பிடாம, கண்ணு ஆடி, தள்ளாடி வர்றவருக்கு நீங்க க்ளூக்கோஸுக்கு முன்னாடி என்ன குடுப்பீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். மாஸ்டரின் கண்ணைப் பார்த்தார். விரலை நகர்த்தினார். முகம் மாறியது. தினம் குடிக்கிறவனுக்கும் வற்றிப்போவது அதே பி ஒன், அதாவது தயமின்தான் என்று அவருக்கும் பாடத்தில் உண்டு. “சிஸ்டர், பாட்டில் நிறுத்துங்க. தயமின் எடுங்க, பேகா, சீக்கிரம்,” என்றார்.

ஊசி ஏறுகிறவரைக்கும் நான் அந்த ட்யூபை விடவில்லை. அவரையும் நம்பவில்லை, சிஸ்டரையும் நம்பவில்லை. போலீஸ் மேடம்தானே.

கண் சீக்கிரமே சரியாயிற்று. ஒருவர் ஒருவராகத் தெரிய ஆரம்பித்தார்கள். நடை சீராக வெகுநாள் பிடித்தது. தெளிவு வந்த பிறகு அவர் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா கால்மாட்டில் முறைத்துக்கொண்டு நின்றாள்.

“எதுக்கு மாஸ்டர் பொய் சொன்னீங்க?”

“உங்ககிட்ட நான் ஒண்ணும் பொய் சொல்லல மேடம்.”

“முதல் தட்டு சாப்பிடறதை ஏன் சொல்லல? ஆபரேஷனுக்கு முன்னாடியே எத்தனை தடவை கேட்டேன், என்ன சாப்பிடறீங்கன்னு?”

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “அது சாப்பாடா மேடம்? அது வேலை.”

மெதுவாகச் சொன்னார். எப்போதோ ஒரு விருந்தில் கறி கெட்டுப்போய்ப் பலருக்கு வயிறு கெட்டதாம். அவர் சமைத்ததுகூட இல்லை. அதிலிருந்து அந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கம்: தேக்சா திறந்ததும் முதல் தட்டை மாஸ்டர் எல்லோர் எதிரிலும் சாப்பிடவேண்டும். பிறகுதான் பந்தி. சீசனில் காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் தட்டு நிறைய. வீட்டுக்குப் போய் ராகிக் கஞ்சி. எடை எங்கிருந்து வந்தது என்று நான் தேடிக்கொண்டிருந்தது முழுவதும் ஊரறிய, நாலு பேர் முன்னால், சிரித்த முகத்தோடு நடந்திருக்கிறது. தவக்காலத்தில் ஆர்டர் இல்லாததால் நம் கண்ணில் படவேயில்லை.

“இப்ப இறங்கலைன்னு சொல்லியிருக்கலாமே அந்த வீட்டுக்காரங்ககிட்ட?”

“நான் துன்னலேன்னா, ‘அவனே தொடல, என்னாத்தப் போட்டானோ’ன்னு கேப்பாங்க மேடம். துன்னுட்டு வாந்தி எடுக்கறேன்னு தெரிஞ்சா அதைவிட மோசம். பிரியாணி அண்டா பக்கத்துல வாந்தி எடுக்கற சமையல்காரனை யாரு கூப்டுவா?”

“அதுக்குக் குடிகாரன்னு பேர் வாங்கிக்கறதா?”

“குடிக்கிற மாஸ்டரைத் திட்டுவாங்க, அப்பறம் கூப்டுவாங்க. பிரியாணி நல்லாருந்தா போதும். மத்தது அப்படி இல்ல மேடம்.”

ஸ்டெல்லாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “என்கிட்ட சொல்றதுக்கு என்னாய்யா? நான் வந்து துன்னிருக்க மாட்டேனா உனக்குப் பதிலா? திருட்டுத்தனமா துன்றேன்னு நெனச்சு உன்னை எவ்ளோ பேசினேன்!” என்று அடிக்கக் கை ஓங்கியவள், அதே கையால் அவர் போர்வையை இழுத்துவிட்டாள்.

நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். ஒரு மனிதரைச் சுற்றி எத்தனை சந்தேகம் என்று எண்ணிப் பார்த்தேன். தின்கிறார் என்று மனைவிக்கு. நாக்கு ருசிக்காகத் தின்று வாந்தி எடுக்கிறார் என்று எனக்கு. தின்னாவிட்டால் விருந்து வீட்டுக்காரர்களுக்கு. குடித்திருக்கிறார் என்று எல்லோருக்கும். நடுவில் அவர், எல்லோரையும் திருப்திப்படுத்த மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். உங்களுக்கு நான் சொல்வது சந்தேகப்படாதீர்கள் என்பதல்ல. தாராளமாகப் படுங்கள். ஆனால் ‘என்ன சாப்பிடுகிறீர்கள்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘யார் எதிரில் சாப்பிடுகிறீர்கள், சாப்பிடாவிட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள்’ என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நான் அதைக் கேட்காமல் ஒருவரையும் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பியதில்லை.

மாஸ்டர் கணக்கு ஒரு விஷயத்தில் தவறிப்போயிற்று. குடிகாரர் என்ற பேர் நிலைத்துவிட்டது, ஆர்டர்கள் நின்றன. அந்தப் பெரியவரிடம் போய் உண்மையைச் சொல்ல என் நாக்கு துடித்தது. நோயாளியின் விஷயம், நான் சொல்லக்கூடாது. நீங்களே சொல்லுங்கள் மாஸ்டர் என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் சொன்னேன். பார்க்கலாம் மேடம் என்பார். வீட்டில் உட்கார்ந்திருந்தார். நடை திரும்பியது, சர்க்கரை இறங்கியது, முழங்கால் வலி குறைந்தது, நிற்பதற்குத்தான் அடுப்பு இல்லை.

மறு வருஷம் நான் ஓய்வு பெற்றேன். எனக்கு நீங்கள் ஏற்பாடு பண்ணிய விருந்துக்குப் பிரியாணியை நான்தான் ஏற்பாடு பண்ணுவேன் என்று பிடிவாதம் பிடித்தது நினைவிருக்கிறதா? கிழவிக்கு எதற்கு இந்த வேலை என்று உங்களில் ஒருவர் முணுமுணுத்தீர்கள். அன்று தேக்சா திறந்தவுடன் சட்டை மாற்றிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றாரே, ஒல்லியாக ஒருவர், அவர்தான். வழக்கப்படி விருந்துக்காரி நான். முதல் தட்டை நான்தான் கொடுக்கவேண்டும். காப்பி டம்ளருக்கு அடியில் வைக்கிற சின்னத் தட்டில் இரண்டு ஸ்பூன் பிரியாணி வைத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. இவ்ளோதான் உள்ள போவும். இதை உங்க எதிர்லயே சாப்பிடறேன். அப்பறம் நீங்க குஷியா சாப்பிடுங்க.”

முதல் தடவையாக அதை வாயைத் திறந்து சொன்னார். அன்று வந்திருந்தவர்களில் மர்பி டவுன்காரர்களும் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். நின்றபடி, ஒவ்வொரு பருக்கையாக மென்று சாப்பிட்டார். நீங்கள் கைதட்டிவிட்டுப் பந்திக்கு ஓடினீர்கள். அவர் மெதுவாகப் பின்பக்கம் போனார்.

நான் பின்னாலேயே போனேன்.

குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். “வருவீங்கன்னு தெரியும் மேடம்.”

“சும்மா வந்தேன்.”

“சும்மா இல்ல. நில்லுங்க, நீங்களே பாருங்க.”

இரண்டு பேரும் அந்தக் குழாயடியில் நின்றோம். உள்ளே நீங்கள் கறித்துண்டுக்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை.

“போதுமா மேடம்? அடியில சோறு காஞ்சிடும், போய்க் கெளறணும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நேராக, காலை அகட்டாமல் நடந்துபோனார்.

அவர் போன பிறகும் நான் குனிந்து அந்தக் குழாயடித் தொட்டியை ஒரு தடவை பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.